பூனை இருக்கும் வீட்டில் கூடுவதும் கூடாததும்

நம் ஊரில் பூனை வளர்ப்பது அண்மைக்காலம் வரை ஒரு வேலையாகவே இருந்ததில்லை. கொல்லைப்பக்கம் வரும், வைத்ததைத் தின்னும், இரவில் எலி பிடிக்கும், விடிந்தால் யார் வீட்டுத் திண்ணையிலோ சுருண்டு கிடக்கும். நாம் போட்ட பால்சோறு அதற்கு நொறுக்குத்தீனி. அசல் சாப்பாடு எலியும் ஓணானும் அணில் குஞ்சும். இன்றைக்கு அதே பூனை அடுக்ககத்தின் நாலாவது மாடியில் இருக்கிறது. எலி இல்லை, தோண்ட மண் இல்லை, ஏற மரம் இல்லை. பால்சோறு மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டுப் பூனைக்கு நேரும் கெடுதல்களில் பெரும்பாலானவை வேண்டாதவர் செய்வதல்ல. ஆசையாக ஊட்டியது, சுத்தம் என்று துடைத்தது, உடம்பு சரியில்லையே என்று கொடுத்த மாத்திரை, இப்படித்தான் வருகின்றன. அதனால் இந்தப் பட்டியலில் 'கூடாது' கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

சாப்பாட்டுத் தட்டு

தயிர்சாதத்தை நம்பிப் பூனை வளர்க்காதீர்கள். பூனை முழு ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு தயாரிக்க முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும், அரிசியிலும் பருப்பிலும் கிடைக்காது. டாரின் குறைந்தால் முதலில் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் மாதக்கணக்கில் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். அமெரிக்காவில் கடை உணவு மட்டுமே தின்று வளர்ந்த பூனைகள்கூட இந்த இதய நோயில் செத்துக்கொண்டிருந்தன. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் அதற்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. அதன் பிறகுதான் கம்பெனிகள் உணவில் டாரின் அளவைக் கூட்டின. பூனைக்கென்றே செய்த உணவுக்கே அந்தக் கதி என்றால் தயிர்சாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சைவ வீட்டில் பூனை வளர்க்கலாம். பூனையைச் சைவமாக்க முடியாது.

பாலும் வேண்டாம். பாற்கடலையே நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையைத் தம் அவையடக்கத்துக்குத் துணைக்கு அழைத்தவர் கம்பர். அவ்வளவு தூரம் பூனையும் பாலும் நம் மனத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. பூனைக்குப் பால் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாய்ப்பால் மறந்த பிறகு, பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு வரும். குட்டியாக இருந்தால் அதிலேயே நீர்வற்றிச் சாகக்கூடும். தாயில்லாக் குட்டி கையில் கிடைத்தால் கால்நடை மருந்துக் கடையில் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வாங்குங்கள். அதில் சர்க்கரை சேர்ப்பது வீண். இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துபோனது, அதன் நாக்குக்கு இனிப்பே தெரியாது.

குழம்பு மீனைக் கழுவிப் போடாதீர்கள். கழுவினால் காரம் போகும். மீனுக்குள் இறங்கிய வெங்காயமும் பூண்டும் போகாது. இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை உண்டாக்குபவை. கருவாட்டில் உப்பு மிகுதி. வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வீட்டுச் சமையலில்தான் கொடுக்க வேண்டும் என்று ஆசையிருந்தால், குழம்பு வைப்பதற்கு முன்பே இரண்டு துண்டு மீனையோ கோழியையோ தனியே எடுத்து, உப்பில்லாமல் மஞ்சளில்லாமல் வேகவைத்து, முள் எலும்பு நீக்கிக் கொடுங்கள். அதுவும் உபரிதான், அன்றாடச் சாப்பாடு 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட பூனை உணவாகவே இருக்கட்டும். ஒரு வயதுவரை குட்டிகளுக்கான வகை.

அளந்து போடுங்கள். நாலு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் உலர் உணவு போதும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், நம் கைப்பிடி எவ்வளவு தாராளம் என்று தெரியும். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது.

தண்ணீர்க் கிண்ணத்தை உணவுத் தட்டை விட்டுத் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடம்பிலிருந்தே நீரை எடுத்துக்கொண்டு, சிறுநீரைச் சுருக்கிச் சுருக்கி வாழ்ந்த பிராணி. தாகம் என்பது அதற்குக் குறைவு. உலர் உணவையும் தின்று தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்ப்பாதையில் கோளாறு வர வழியாகும். பாதி உணவாவது ஈரமானதாக இருந்தால் நல்லது.

'பசித்தால் தானே தின்னும்' என்று பட்டினி போடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது பலிக்கலாம். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதை முடக்கிவிடும். பிராண்டை மாற்றுவதாக இருந்தால் பழையதோடு புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள்.

மருந்து டப்பாவும் துடைக்கும் வாளியும்

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. உடம்பு சுடுகிறதே என்று கால் மாத்திரையைப் பொடித்து ஊட்டுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஒன்று: பூனையின் சாதாரண உடற்சூடே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். இரண்டாவது, பாராசிட்டமாலைச் செயலிழக்கச் செய்து வெளியேற்ற நம் கல்லீரல் பயன்படுத்தும் நொதி பூனையிடம் மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி ரத்தத்தைத் தாக்கும், ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு ரோஜா நிறம் மாறிப் பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். தவறிப்போய்க் கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும்.

இந்தக் கல்லீரல் விஷயம் புரிந்துவிட்டால் அடுத்த சில 'கூடாது'களுக்கு விளக்கமே தேவையில்லை.

பினாயில், டெட்டால் ஊற்றித் துடைத்த ஈரத்தரையில் பூனையை நடக்க விடாதீர்கள். அது பாதத்தை நக்கும்; நக்கினால் உள்ளே போகும். இந்தத் தண்ணீரில் பூனையைக் குளிப்பாட்டுவது அதைவிட மோசம்.

நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தையோ 'எடை குறைவு, கொஞ்சம் போடலாம்' என்று பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு வலிப்பு வரும்.

வேப்பெண்ணெய், கற்பூரம், நீலகிரித் தைலம் தடவுவதும் வேண்டாம். இயற்கை மருந்து என்பதெல்லாம் நமக்கு. தடவிய அத்தனையையும் பூனை நக்கித் தீர்த்துவிடும். அலமாரியில் அந்துருண்டை, மூலையில் எலி பேஸ்ட், எதுவும் அதற்கு எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. பூனைக்கு எட்டாத உயரம் என்று வீட்டில் எதுவும் இல்லாததால், பூட்டிய கதவுக்குப் பின்னால் என்று படித்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் பொக்கேயில் லில்லி இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஓர் இலையைக் கடித்தாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், சாடித் தண்ணீரைக் குடித்தாலும் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுபோகலாம். அரளியும் ஆகாது.

நூல், பால்கனி, பண்டிகை

பூச்சரத்தைக் கழற்றியதும் மேசைமேல் போடாதீர்கள். வாடிய மல்லிகையை ஒன்றொன்றாக உதிர்த்துவிட்டு நூலோடு விளையாடும் பூனையைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் நாக்கில் இருக்கும் முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. நூல் நுனி ஒன்று மாட்டிக்கொண்டால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், குடல் அந்த நூலின்மேல் பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோல் சுருங்கி, நூல் அதை அறுக்கத் தொடங்கும். தையல் ஊசியில் கோத்த நூல், கிஃப்ட் ரிப்பன், பட்டம் விட்ட நூல், எல்லாம் இதே வகை. வாயிலோ பின்புறத்திலோ நூல் முனை தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பால்கனிக்குப் புறா வலை கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நைலான் வலையைப் பல்லால் கடித்து ஓட்டை போடும் பூனை உண்டு; வெயிலில் இற்றுப்போன வலை அதன் எடையையும் தாங்காது. கம்பி வலைதான் சரி. கதவு ஓரம், ஏ.சி. பெட்டி வைத்த இடம், இவற்றில் இடைவெளி விடாமல் அடிக்கச் சொல்லுங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனை நாலு காலில் நிற்கும் என்று சொல்பவர்கள் வருவார்கள். நியூயார்க் கால்நடை மருத்துவமனை ஒன்றில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 90 சதவீதம் பிழைத்தன. அதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிப்போவதில்லை என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிழைத்தவற்றுக்கும் நெஞ்சுக்கூடும் தாடையும் கால் எலும்பும் அடிபட்டிருந்தன.

வாஷிங் மெஷின் கதவைச் சாத்துமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் கார் எடுக்குமுன் பானெட்டை இரண்டு தட்டு. தீபாவளிக்கு ஜன்னல் குறைவான உள்ளறையில் தண்ணீரும், மலஜலம் கழிக்க மணல் போட்ட லிட்டர் தட்டும் வைத்துப் பூனையை அடைத்துவிடுங்கள். கட்டிலடியில் ஒளிந்தால் இழுத்து மடியில் வைத்துச் சமாதானம் செய்யாதீர்கள், ஒளிவதுதான் அதற்குச் சமாதானம்.

லிட்டர் தட்டு

பூனை எத்தனையோ அதைவிட ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள். சாப்பாட்டு இடத்துக்கும் வாஷிங் மெஷினுக்கும் பக்கத்தில் வேண்டாம். வாசனை போட்ட மணல் நம் மூக்குக்காகச் செய்தது. பூனைக்கு வாசனையில்லாத, பொடியான, கட்டியாகும் மணல் பிடிக்கும். தினமும் இரண்டு வேளை அள்ளுங்கள். தட்டைக் கழுவும்போது சிறுநீரைத் தண்ணீரில் முதலில் அலசிவிட்டுப் பிறகு நீர்த்த ப்ளீச் ஊற்றுங்கள். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் நெடி நெஞ்சை அடைக்கும்.

மெத்தையில் மூத்திரம் போனால் 'வேண்டுமென்றே பழிவாங்குகிறது' என்று அடிக்காதீர்கள், மூக்கைப் பிடித்து அதில் தேய்க்காதீர்கள். பழிவாங்கும் திட்டம் பூனைக்குக் கிடையாது. தட்டு அழுக்காக இருக்கலாம், வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்திருக்கலாம், அல்லது சிறுநீர் போகும்போது வலிக்கிறது, தட்டுக்குப் போனால் வலி வருகிறது என்று அது முடிவுகட்டியிருக்கலாம்.

இந்த இடத்தில் ஆண் பூனை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். பூனை அடிக்கடி தட்டில் போய்க் குந்துகிறது, முக்குகிறது, ஒரு சொட்டு வருகிறது, அல்லது அதுவும் இல்லை. வெளியே வந்து குறியை நக்குகிறது. மறுபடி போகிறது. ஒரு மாதிரி அடிக்குரலில் கத்துகிறது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகல். சளியும் உப்புப் படிகமும் சேர்ந்து அடைத்துவிடும். அடைத்தபின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத நோய் இது. ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.

வீட்டில் மருமகள் கர்ப்பமானதும் 'முதலில் பூனையைக் கொண்டுபோய் விட்டுட்டு வா' என்று ஒரு குரல் எழும். தேவையில்லை. பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றியது. அது உண்மையான பயம்தான். தொற்றிய பூனை வழக்கமாக இரண்டு வாரம் போல மலத்தில் அதை வெளியேற்றும். வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே கர்ப்பிணி லிட்டர் தட்டைத் தொட வேண்டாம், வேறொருவர் தினமும் தவறாமல் அள்ளட்டும், பூனைக்குப் பச்சை இறைச்சி போட வேண்டாம். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்ட மண்ணும்கூட அதே ஒட்டுண்ணிக்கு வழி என்பதைக் குரல் எழுப்பியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிராண்டல், கடி, நள்ளிரவுக் கச்சேரி

சோபாவைப் பிராண்டாதே என்று சொல்வதில் பயனில்லை; எதைப் பிராண்டலாம் என்று காட்ட வேண்டும். ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றுங்கள். பூனை பின்னங்காலில் நின்று முழு உடம்பையும் நீட்டும் உயரம், ஏறக்குறைய மூன்றடி வேண்டும். ஆடக்கூடாது, ஆடினால் இரண்டாம் தடவை வராது. அதைப் பால்கனி மூலையில் ஒளித்து வைக்காமல், பிராண்டிக் கிழித்த சோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

நகம் வெட்டப் பழக்குங்கள். பூனை சாப்பிட்டுச் சொக்கிக் கிடக்கும் நேரம்தான் தோது. ஒரு விரலை மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பாருங்கள்: அடியில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும், அது ரத்தமும் நரம்பும் ஓடும் இடம். அதைத் தொடாமல், வளைந்த வெள்ளை நுனியை மட்டும் வெட்ட வேண்டும். இன்றைக்கு இரண்டு நகம் வெட்டவிட்டால் போதும், மிச்சம் நாளைக்கு. நகத்தை அடியோடு எடுக்கும் அறுவையை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள். அது நம் விரல் நுனியை முதல் கணுவோடு வெட்டுவதற்குச் சமம். பல நாடுகளில் சட்டப்படி தடை.

கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். குட்டியாக இருக்கும்போது விரலைக் கவ்வுவது செல்லம். நாலு கிலோவில் அதே கவ்வல் காயம். குச்சியில் கட்டிய இறகு, கசக்கிய காகிதப் பந்து போதும். இரவு படுக்குமுன் பத்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, கடைசியில் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டையாடினோம், தின்றோம், தூங்கலாம் என்று அதன் கணக்கு முடியும். விடியற்காலை நாலு மணிக்குக் கத்தினால் எழுந்து போய்ச் சாப்பாடு போடாதீர்கள். ஒருநாள் போட்டால் அலாரம் வைத்ததாகிவிடும். திடீரென்று இரவெல்லாம் கத்தத் தொடங்கிய கிழட்டுப் பூனைக்கு இது பொருந்தாது. அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருத்தடை, ஊசி, கட்டைப்பை

'ஒருமுறையாவது குட்டி போடட்டும்' என்று காத்திருக்காதீர்கள். பெட்டைப் பூனை நாலு ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி. ஐந்து மாதத்தை ஒட்டிக் கருத்தடை செய்வதே நல்லது. குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவருவது நம் தெருக்களில் இன்னும் சாதாரணமாக நடக்கிறது. மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளிடமும் நாய்களிடமும் அந்தக் குட்டிகள் படும்பாட்டை மீன் விற்பவரைக் கேட்டால் சொல்வார். வளர்த்த பிராணியை இப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆண் பூனைக்கும் கருத்தடை வேண்டும். சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுவதும் சண்டைக் காயத்தோடு வருவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு ஊசி எதற்கு என்று கேட்காதீர்கள். குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும், ஒரு வருடம்வரைகூட மூலையில் கிடக்கும், பினாயிலுக்கு அசையாது. முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில். பிறகு மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை. மூன்றாம் மாதம் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில். தெருப்பூனையோ ஊசி போடாத பூனையோ கடித்தால், பிராண்டினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபிஸ் நாய்க்கு மட்டும் உரியதல்ல.

1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் நாய்களுக்கு நடுவே கட்டைப்பைகளும் வரும். ஜிப்பை இழுத்து மூடி, ஒரு மூலையில் மூக்குக்கு மட்டும் இடம் விட்டு, உள்ளே பூனை. பை கிழிந்தாலோ கை வழுக்கினாலோ அத்தனை நாய்களுக்கு நடுவில் அது ஓடிய திசை தெரியாது. மேல்மூடி திறக்கும் பிளாஸ்டிக் கூடை வாங்குங்கள். வாங்கியதைப் பரணில் போடாமல் கூடத்திலேயே திறந்து, பழைய துண்டு விரித்து, அதில் படுக்கப் பழக்குங்கள். பரணிலிருந்து இறங்கும் கூடை என்றால் ஊசி என்று பூனைக்குத் தெரியும்.

நோயைப் பூனை மறைக்கும். அழாது, நொண்டாது. வழக்கமான இடத்தை விட்டு அலமாரிக்குப் பின்னால் போய்ப் படுப்பது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சடைபிடிப்பது, தாவி ஏறிய இடத்துக்கு ஏறாமல் நிற்பது, இவைதான் அது கொடுக்கும் தகவல். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஓடிக் களைத்த நாயைப்போல என்று விட்டுவிடாதீர்கள். பூனைக்கு அது அபாயக்குறி. அக்னி நட்சத்திர வெயிலில் மின்சாரம் போன மாடி வீட்டில் இன்னும் அபாயம். ஈரத்துணியால் பாதத்தையும் காதையும் துடைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

ஊருக்குப் போகும்போது தட்டு நிறையச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டுக் கதவைப் பூட்டாதீர்கள். ஒருநாள் என்றாலும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். மருத்துவர் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வந்து பார்ப்பவர் பூனையைக் கொஞ்ச வேண்டாம், கூப்பிட வேண்டாம். தட்டில் சாப்பாடு குறைந்திருக்கிறதா, லிட்டர் மணல் கட்டியாகியிருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள்.